வீடு இடிந்த மனையில் பூப்பண்ணை... நடத்துவது முன்னாள் ராணுவ வீரர்கள்! அமெரிக்க நகரங்களில் இது எப்படிச் சாத்தியம்? சிக்கல் எங்கே இருக்கிறது?

வரிசையாக வீடுகள் இருக்கும் தெரு. நடுவில் ஒரு மனை மட்டும் காலி. வீடு இடிந்து வருஷக்கணக்காகிவிட்டது. இடுப்பளவு புல், பழைய டயர், உடைந்த பாட்டில், யாரோ ராத்திரியில் கொண்டுவந்து கொட்டிய கட்டடக் குப்பை. அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்களில் இப்படி ஒரு மனையைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர் நடப்பது கஷ்டம்.

அந்த மனையைச் சுத்தம் செய்து பூப்பண்ணை போடலாம், அதை ராணுவத்திலிருந்து திரும்பியவர்களிடமே ஒப்படைக்கலாம், அக்கம்பக்கத்தினரும் சேர்ந்து வேலை செய்யலாம் என்பது ஒரு யோசனை. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. நடைமுறைக்கு ஒத்துவருமா? ஏன் காய்கறி இல்லாமல் பூ? ஏன் முன்னாள் வீரர்கள்? இதில் காசு வருமா? விரிவாகப் பார்க்கலாம்.

இவ்வளவு காலி மனைகள் எங்கிருந்து வந்தன?

டெட்ராய்ட் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். கார் தொழிற்சாலைகள் உச்சத்தில் இருந்த 1950-ல் அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அது 6 லட்சத்து 39 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. வேலை போனது, ஆட்கள் போனார்கள், வீடுகள் மட்டும் நின்றன. வரி கட்டாத வீடுகள் அரசு கைக்கு வந்தன. பாழடைந்தவற்றை இடித்தார்கள். இடித்த இடம் மனையாகக் கிடக்கிறது.

ஃபிலடெல்பியாவில் இப்படிச் சுமார் 40,000 காலி மனைகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. சிகாகோவின் தெற்குப் பகுதி, கிளீவ்லாந்து, செயின்ட் லூயிஸ் என்று பட்டியல் நீளும்.

சிகாகோவில் ஒரு வழக்கமான வீட்டு மனை 25 அடி அகலம், 125 அடி நீளம். அதாவது 3,125 சதுர அடி. நம்மூர் கணக்கில் ஏறக்குறைய 7 சென்ட். இவ்வளவு சின்ன இடத்தில் நெல்லோ சோளமோ போட்டு யாரும் பிழைக்க முடியாது. ஆனால், பூவுக்கு 7 சென்ட் என்பது சின்ன இடம் இல்லை.

மனையைச் சுத்தம் செய்தால் மட்டும் என்ன மாறிவிடும்?

இந்தக் கேள்விக்கு ஃபிலடெல்பியாவில் முறையான ஆய்வே நடந்திருக்கிறது. 541 காலி மனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் குப்பையை அகற்றி, மண்ணைச் சமன் செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, மரக்கட்டையால் தாழ்வான வேலி போட்டார்கள். இரண்டாவது பிரிவில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

2018-ல் வெளியான முடிவுகள் பலரையும் ஆச்சரியப்படுத்தின. பசுமையாக்கப்பட்ட மனைகளுக்கு அருகில் வசித்தவர்களில், மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைந்தார்கள். ஏழ்மையான பகுதிகளில் இந்தக் குறைவு 68 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டு வந்த இன்னொரு அறிக்கை, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குப்பையை மட்டும் அள்ளிய மனைகளால் மனநலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. அதாவது ஒருநாள் கூத்தாக வந்து சுத்தம் செய்துவிட்டுப் போனால் போதாது. 'இந்த இடத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்' என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஃபிலடெல்பியாவில் செய்தது புல்லும் மரமும்தான், பூப்பண்ணை இல்லை. புல்வெளிக்கு மாதம் ஒருமுறை ஆள் வந்தால் போதும். பூப்பண்ணைக்கு அன்றாடம் ஆள் வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் முன்னாள் வீரர்களின் பங்கு தொடங்குகிறது. அதற்கு முன் இன்னொரு கேள்வி.

காய்கறி போடாமல் ஏன் பூ?

முதல் காரணம் மண். இடிந்த வீட்டு மனையின் மண்ணில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயத்துக்கு 1978-ல்தான் தடை வந்தது. அதற்கு முன் கட்டிய வீடுகளின் சுவரில் இருந்த பெயின்ட், வீடு இடிந்தபோது மண்ணில் கலந்துவிட்டது. பல ஆண்டுகள் ஓடிய ஈயம் கலந்த பெட்ரோலின் புகையும் சேர்ந்து படிந்திருக்கிறது. குடியிருப்புப் பகுதி மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருந்த எச்சரிக்கை அளவு, ஒரு கிலோ மண்ணில் 400 மில்லிகிராம் ஈயம். 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தார்கள்.

கீரையையும் கேரட்டையும் சாப்பிடுகிறோம். பூவைச் சாப்பிடுவதில்லை. அதனால், சந்தேகமான மண்ணில் காய்கறியைவிடப் பூ பாதுகாப்பானது. ஆனால் 'பூதானே' என்று பரிசோதனையே செய்யாமல் இறங்கக் கூடாது. ஈயம் உடம்புக்குள் போக இன்னொரு வழி தூசி. குனிந்து வேலை செய்பவர் சுவாசிக்கிறார், கைகழுவாமல் சாப்பிடுகிறார், செருப்பில் ஒட்டிய மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அங்கே குழந்தை தவழ்கிறது.

'சூரியகாந்தி நட்டால் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிடும்' என்று ஒரு பேச்சும் உண்டு. ஈயம் மண்துகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும் பொருள். செடி எடுப்பது மிகச் சொற்பம். அதை நம்பிக் காத்திருக்க முடியாது. சுத்தமான மண்ணும் மட்கு உரமும் கொட்டி மேட்டுப்பாத்தி போடுவது, நடைபாதை முழுக்க மரத்தூள் மூடாக்கு பரப்புவது, கைகழுவ குழாய் வைப்பது. இவைதான் வேலைக்கு ஆகும்.

இரண்டாவது காரணம் சந்தை. அமெரிக்காவில் விற்கும் கொய்மலர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் இறக்குமதி. பெரும்பகுதி கொலம்பியா, எக்வடார் நாடுகளிலிருந்து விமானத்தில் மியாமிக்கு வந்து இறங்குகிறது. கோக்கா பயிருக்கு மாற்றாக வேறு தொழில் வளரட்டும் என்று 1991-ல் அமெரிக்கா அந்த நாடுகளுக்கு வரிச்சலுகை கொடுத்தது. அதன்பின் உள்ளூர் ரோஜா, கார்னேஷன் விவசாயிகளால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆனால் விமானப் பயணம் எல்லாப் பூவுக்கும் ஒத்துக்கொள்ளாது. டாலியாவின் இதழ் நசுங்கிவிடும். ஸ்வீட் பீ சீக்கிரம் வாடும். காஸ்மோஸ், ஜினியா போன்றவையும் பெட்டிக்குள் அடைபட்டு நாட்கணக்கில் பயணம் செய்யும் ரகம் இல்லை. காலையில் வெட்டி மதியம் கடையில் சேர்க்க முடிகிறவர்தான் இதை விற்க முடியும். நகரத்துக்குள்ளேயே இருக்கும் மனைக்கு இது பெரிய பலம்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சுவாரஸ்யம்: அமெரிக்கச் சிறு பூப்பண்ணைகளில் விரும்பிப் போடும் செடிகளில் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் உண்டு. காய்ந்தாலும் நிறம் போகாது என்பதால், குளிர்காலத்தில் உலர்பூவாக விற்கலாம்.

காலி மனைப் பூப்பண்ணை வெறும் கனவு இல்லை என்பதற்கு சிகாகோவின் எங்கிள்வுட் பகுதி உதாரணம். அங்கே 'சவுத்சைடு ப்ளூம்ஸ்' என்ற அமைப்பு காலி மனைகளில் பூ வளர்த்து, அதே பகுதி இளைஞர்களுக்கு வேலை கொடுத்து, பூங்கொத்தாக விற்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் இளைஞர்கள். இதே மாதிரியை முன்னாள் வீரர்களுக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் இங்கே பேசப்படும் யோசனை.

முன்னாள் வீரர்கள் ஏன்?

ராணுவத்திலிருந்து திரும்பி வருபவர் சீருடையை மட்டும் கழற்றுவதில்லை. காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், யார் பக்கத்தில் நிற்பார், இன்றைய வேலை என்ன, அது யாருக்குப் பயன்படும் என்ற எல்லாமே ஒரே நாளில் இல்லாமல் போகிறது. ஊர்க்காரர்களோடு பேசுவதற்கும் விஷயம் இருப்பதில்லை.

நிலைமையின் தீவிரத்தைச் சொல்ல ஒரு எண் போதும். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையின் கணக்குப்படி, 2022-ல் தற்கொலையால் இறந்த முன்னாள் வீரர்கள் 6,407 பேர். நாளொன்றுக்குச் சராசரியாக 17-க்கும் மேல்.

தோட்டத்துக்கும் ராணுவ மருத்துவமனைக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பியவர்களுக்கு, 1940-களிலும் 50-களிலும் மருத்துவமனைத் தோட்டவேலை மறுவாழ்வுப் பயிற்சியாகக் கொடுக்கப்பட்டது. தோட்டக்கலை சிகிச்சை என்ற துறை அமெரிக்காவில் வளர்ந்ததே பெரும்பாலும் அந்த அனுபவத்தில்தான்.

விவசாயத்தில் முன்னாள் வீரர்கள் புதியவர்களும் இல்லை. 2022 வேளாண் கணக்கெடுப்பில் ராணுவப் பின்னணி உள்ள பண்ணையாளர்கள் சுமார் 3 லட்சத்து 5 ஆயிரம் பேர். மொத்தத்தில் 9 சதவீதம். விவசாயத்துக்கு வர விரும்பும் வீரர்களுக்கு உதவ 'ஃபார்மர் வெட்டரன் கோலிஷன்' என்ற தேசிய அமைப்பு இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 2012-ல் தொடங்கிய 'குரோயிங் வெட்டரன்ஸ்', பண்ணை வேலையையும் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்கும் பயிற்சியையும் ஒன்றாகச் சேர்த்தது.

பூப்பண்ணை இதற்கு எப்படிப் பொருந்தும்? நாற்காலியில் வட்டமாக உட்கார்ந்து 'உங்கள் மனசுல என்ன இருக்கு?' என்று கேட்டால் பலருக்கு வாய் வராது. இரண்டு பேர் ஒரே பாத்தியில் எதிரெதிராகக் களை எடுக்கும்போது பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் தப்பில்லை, களையாவது எடுபட்டிருக்கும். இன்னொன்று, சும்மா இருக்கும்போது கைகொடுத்து உதவுவது வேறு. காலை 6 மணிக்கு நீ வராவிட்டால் பூ முற்றிப்போய்விடும் என்பது வேறு. இரண்டாவதில்தான் ஒருவர் தேவைப்படுகிறவராகிறார்.

எச்சரிக்கையும் அவசியம். பி.டி.எஸ்.டி. என்ற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்குத் தேர்ந்த சிகிச்சைகள் இருக்கின்றன. தோட்டம் அவற்றுக்குத் துணை, மாற்று இல்லை. எல்லா வீரர்களும் மனக்காயத்தோடு திரும்பியவர்கள் என்று நினைப்பதும் தவறு. கணக்கு எழுதத் தெரிந்தவர், வண்டி ஓட்டுபவர், பம்ப் ரிப்பேர் செய்பவர் என்று திறமையோடு வருபவர்கள்தான் அதிகம். 'முன்னாள் வீரர்களுக்காக நடத்தும் பண்ணை' வேறு, 'முன்னாள் வீரர்கள் நடத்தும் பண்ணை' வேறு. முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா என்பதுதான் வித்தியாசம்.

ஒரு வருஷம் வேலை எப்படி நடக்கும்?

முதலில் காகித வேலை. மனை யார் பெயரில் இருக்கிறது, பாக்கி வரி உண்டா, அங்கே விளைந்ததை அங்கேயே விற்க நகராட்சி விதி அனுமதிக்கிறதா? டெட்ராய்ட் 2013-ல்தான் நகர்ப்புற விவசாயத்துக்கென விதிமுறை கொண்டுவந்தது.

அடுத்து மண் பரிசோதனை, தண்ணீர். இடித்த வீட்டோடு தண்ணீர் இணைப்பும் போயிருக்கும். பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து மழைநீர் பிடிப்பதா, நகராட்சியிடம் புதிய இணைப்பு கேட்பதா, அனுமதி பெற்றுத் தெருவின் தீயணைப்புக் குழாயிலிருந்து எடுப்பதா? பல திட்டங்கள் திணறுவது இங்கேதான். மண்ணைத் தோண்டினால் பழைய அஸ்திவாரமும் செங்கல்லும் வரும். அதனால் தோண்டுவதைவிட மேலே கட்டுவது லாபம்: புல்மேல் அட்டைப்பெட்டியை விரித்து, அதன்மேல் மட்கு உரம்.

சிகாகோ மாதிரி குளிர் ஊர்களில் மே மாதம்தான் உறைபனி முழுசாக ஓயும். அக்டோபரில் மறுபடி வரும். இடைப்பட்ட ஐந்து மாதங்கள்தான் பூக்காலம். ஜினியா விதை போட்டு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆனால் பூக்கும். செடிக்குச் செடி 9 அங்குலம் விட்டால், அந்த 3,125 சதுர அடி மனையில் பாதியைப் பாத்தியாக்கினாலே 2,600 செடிகளுக்கு மேல் நிற்கும்.

வெட்டுவதற்கும் பதம் உண்டு. ஜினியாவின் தண்டைப் பூவுக்குக் கீழே பிடித்து லேசாக ஆட்டிப் பார்ப்பார்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் ஆகவில்லை. விறைப்பாக நின்றால் வெட்டலாம். டாலியா மொட்டாக வெட்டினால் தொட்டியில் விரியாது, நன்றாக விரிந்தபின்தான் வெட்ட வேண்டும். சூரியகாந்தி நேரெதிர், இதழ் தூக்கத் தொடங்கியதுமே வெட்டிவிடலாம். இதைக் கற்றுக்கொள்ளப் பட்டம் வேண்டாம். ஒரு பருவம் கூட நின்றால் போதும்.

உறைபனி விழுந்து டாலியா செடி கருகியதும் கிழங்கைத் தோண்டி எடுத்து, பிரித்து, உறையாத இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் பல கிழங்கு கிடைக்கும். அதை அடுத்த ஆண்டு நடலாம், விற்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம்.

காசு வருமா?

வரும். ஆனால் ஒரு மனையை நம்பி ஒரு குடும்பம் ஓடாது. பண்ணைகள் பொதுவாகக் கையாளும் வழி சந்தா. குளிர்காலத்திலேயே வாடிக்கையாளர் முழுப் பணத்தையும் கட்டிவிடுவார். பூக்காலத்தில் வாரம் ஒரு பூங்கொத்து அவருக்குப் போகும். விதையும் உரமும் வாங்க வேண்டிய நேரத்தில் கையில் பணம் இருக்கும். இதோடு பூக்கடைகள், திருமணங்கள், வாரச்சந்தை.

வருஷத்துக்கு 1,000 டாலர் மதிப்புக்கு விளைபொருள் விற்றாலே அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில் அது 'பண்ணை'. அந்தத் துறை தரும் சிறுகடன்களும் உண்டு.

முன்னாள் வீரர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலும் இருக்கிறது. ராணுவச் சேவையால் வந்த பாதிப்பால் வேலை செய்ய முடியாதவர் என்ற அடிப்படையில் சிலருக்கு முழு இழப்பீடு கிடைக்கிறது. அவர்கள் வறுமைக்கோட்டு அளவைத் தாண்டி நிலையாகச் சம்பாதிக்கத் தொடங்கினால், அந்த இழப்பீடு மறுபரிசீலனைக்கு வரலாம். 'பூ விற்ற காசு வந்து, மாசாமாசம் வர்றது போயிடுமோ' என்ற பயம் நியாயமானதே. அதனால் யாருக்குச் சம்பளம், யாருக்கு உதவித்தொகை, யார் தன்னார்வலர் என்பதை முதல் நாளே விவரம் தெரிந்தவரிடம் கேட்டு எழுதிவைப்பது அவசியம்.

பெரிய சிக்கல்: நிலம் யாருடையது?

மண், தண்ணீர், காசு எல்லாவற்றையும் சமாளித்த பிறகும் பண்ணையை ஒரே நாளில் இல்லாமல் ஆக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. அது நிலத்தின் உரிமை.

மனை குப்பையாகக் கிடக்கும்வரை யாரும் கேட்பதில்லை. சுத்தமாகி, பூ பூத்து, தெரு பாதுகாப்பானதும் விலை ஏறுகிறது. விலை ஏறியதும் உரிமையாளருக்கு ஞாபகம் வருகிறது. அதாவது, மனையைச் சீராக்கியவர்களின் உழைப்பே அவர்களை வெளியேற்றும் காரணமாகலாம்.

இது வெறும் ஊகம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் 1992 கலவரத்துக்குப் பின் 14 ஏக்கரில் உருவான 'சவுத் சென்ட்ரல் ஃபார்ம்' சமூகத் தோட்டத்தில் சுமார் 350 குடும்பங்கள் பயிர் செய்துவந்தன. நிலத் தகராறில் தோற்று, 2006 ஜூனில் போலீஸ் வந்து எல்லோரையும் அப்புறப்படுத்தியது. தோட்டம் புல்டோசரால் அழிக்கப்பட்டது.

நியூயார்க்கில் கதை வேறு மாதிரி முடிந்தது. 1999-ல் மாநகராட்சி 114 சமூகத் தோட்டங்களை ஏலம் விடத் தயாரானது. கடைசி நேரத்தில் இரண்டு தொண்டு அமைப்புகள் சேர்ந்து 42 லட்சம் டாலர் கொடுத்து அத்தனையையும் வாங்கின. அவற்றில் ஒன்று நடிகை பெட் மிட்லர் தொடங்கியது. நிலம் அறக்கட்டளையின் பெயரில் வந்ததால் அந்தத் தோட்டங்கள் பிழைத்தன.

முன்னாள் வீரர்கள் விஷயத்தில் இந்த ஆபத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. பணியில் இருந்தவரை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டி முகாம் மாறியவர்கள் அவர்கள். ஊன்றி நிற்க ஓர் இடம் என்று சொல்லி அழைத்துவந்துவிட்டு, ஒரு வருஷ அனுமதிக் கடிதத்தின் பேரில் அவர்களைப் பாடுபட வைத்து, பிறகு கிளம்பச் சொன்னால் என்ன ஆகும்? நன்மை செய்யப்போய்க் காயம் கொடுத்ததாகிவிடும்.

அப்போ என்னதான் வழி?

மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, வாங்கிவிடுவது. டெட்ராய்ட்டில் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர், ஒட்டியுள்ள காலி மனையை நிலவங்கியிடமிருந்து 100 டாலருக்கே வாங்கும் திட்டம் உண்டு. தெருவில் வீடுள்ள ஒருவர் குழுவில் இருந்தால் இது பெரிய வாய்ப்பு. இரண்டு, நிலத்தை அறக்கட்டளையின் பெயரில் வைப்பது. மூன்று, நீண்டகாலக் குத்தகை. அதிலும் குத்தகை முறிந்தால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு, செடிகளுக்கும் கொட்டிய மண்ணுக்கும் யார் ஈடு தருவது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

ஒரு பண்ணையின் நிலம் எவ்வளவு உறுதியானது என்று தெரிந்துகொள்ள ஆவணத்தைப் புரட்டக்கூட வேண்டாம். அங்கே என்ன நட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். ஜினியாவும் காஸ்மோஸும் ஒரே பருவத்துப் பூ. நாளைக்குப் போகச் சொன்னாலும் நஷ்டம் குறைவு. பியோனி அப்படியில்லை. நட்டால் மூன்றாவது வருஷம்தான் வெட்டுகிற அளவுக்குப் பூக்கும். அதன்பின் பல பத்தாண்டுகள் அதே இடத்தில் பூத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வருஷ அனுமதியில் இருப்பவர் பியோனி நடத் துணியமாட்டார்.

இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்கும் நகராட்சியிடமும் தொண்டு அமைப்பிடமும் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மனை, எத்தனை செடி, திறப்பு விழாவுக்கு யார் வருகிறார்கள் என்பது இல்லை. 'இந்த மண்ணில் பியோனி நடும் தைரியத்தை எங்களுக்குக் கொடுப்பீர்களா?' என்பதுதான்.